கடல் கடந்த கைப்பேசி

நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் மாணவர் சிலர் மேற்படிப்பின் பொருட்டு அயல்நாடு செல்கின்றனர். பழைய மாணவர் பலர் தொழில் நிமித்தமாகச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோரும் பேரன் பேர்த்தியரைக் காணும் விருப்பினராய் விமானம் ஏறுகின்றனர். இவர் அனைவரும் தவறாது உடன்கொண்டு செல்லும் பொருள் கைப்பேசியாகும். ஊரிலிருக்குங்கால் அஃது எவ்வாறு இயங்குகின்றது என்று நம்மில் எவரும் ஆராய்வதில்லை. அயல்நாட்டு மண்ணில் இறங்கியவுடன் அது வாய்மூடி நிற்குமாயின், அன்றித் திங்கள் முடிவில் பெருந்தொகைக்குக் கணக்குக் காட்டுமாயின், அப்பொழுதே ‘இஃது ஏன்?’ என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்கு இயன்றவரை விடை கூறுதலும், பிரயாணம் புறப்படுவோர் முன்னதாகச் செய்யத்தக்கவற்றை எடுத்துரைத்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுதல் தகும். 2018-ஆம் ஆண்டில் யான் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையிலுள்ள பிரைபர்க் நகரில் இரண்டு திங்கள் தங்கியிருந்தேன். சென்ற மறுநாளே அந்நாட்டுச் சிம் அட்டை ஒன்றை வாங்கிக் கைப்பேசியில் இட்டு, நம் நாட்டு அட்டையை ஓர் உறையிலிட்டு மேசை அறைக்குள் வைத்துவிட்டேன். ‘இவ்வட்டை ஐரோப்பா எங்கும் செல்லும்’ என்று கடைக்காரர் கூறியதை அவ்வாறே நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புகைவண்டியில் ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த தொலைவிலுள்ள பாசல் நகரைக் காணச் சென்றேன். அந்நகரம் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. எல்லையைத் தாண்டியவுடன் வந்த குறுஞ்செய்தியை, மொழி விளங்காமையால், படியாது விட்டேன். வழி காட்டும் படத்தைத் திறந்தவண்ணம் தெருக்களிற் சுற்றினேன். நண்பகலுக்குள் அட்டையில் இருந்த பணம் முழுதும் கரைந்துபோயிற்று. அதனைப் பொருட்படுத்தாது மாலைவரை உலாவி, இரவு அறைக்குத் திரும்பி வைஃபை இணைப்பைப் பெற்றபொழுதே செய்தி வந்தது. ஊரில் அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தனர். உடனே அறுவைச் சிகிச்சை செய்தல் வேண்டும் என்று மருத்துவர் கூற, மூத்தவனாகிய என்னைக் கேட்டுச் செய்ய விரும்பிய தம்பி, என் இரண்டு எண்களுக்கும் மாறிமாறி அழைத்திருக்கின்றான். ஓர் எண் மேசைக்குள் உறங்கிற்று. மற்றையது பணமின்றி ஊமையாயிற்று. இறுதியில் அவன் தனியே கையொப்பமிட்டான். அன்னையார் பின்னர் நலமெய்தினர். ஆயினும் அந்த எட்டு மணி நேரம் இன்றளவும் என் நெஞ்சை உறுத்துகின்றது. அதன் பின்னரே இப்பொருளை முறையாக அறிய முற்பட்டேன்.

அயல்நாட்டில் கைப்பேசி பேசும் வகையை விளக்குதற்கு நம் நாட்டு வணிகர் வழக்கம் ஒன்று தக்க உவமையாகும். நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்து நடத்திய காலத்தில், உண்டியல் என்னும் சீட்டு அவர்களிடையே வழங்கிற்று. ஊரிலுள்ள ஒரு கடையில் பணம் கட்டி உண்டியல் பெற்ற ஒருவன், கடல் கடந்த நகரிலுள்ள மற்றொரு கடையில் அதனைக் காட்டுவானாயின், அக்கடையினர் அவனுக்குப் பணம் கொடுப்பர். வந்தவனை அவர் முன்பின் அறியார்; சீட்டு எழுதியவரை நன்கறிவர். அந்நம்பிக்கையே பணமாய் மாறிற்று. பின்னர் இரு கடையினரும் தம்முள் கணக்குத் தீர்த்துக்கொண்டனர். அதற்குரிய வட்டமும் பிடித்துக்கொண்டனர்.

கைப்பேசியினுள் இருக்கும் சிம் அட்டை இத்தகையதோர் உண்டியலே. அதனுள் பதினைந்து இலக்கம் வரையுள்ள எண் ஒன்று எழுதப்பட்டுள்ளது. நாம் பிறர்க்குக் கூறும் தொலைபேசி எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்தியாவிற்கு 404, 405 என்பனவும், இலங்கைக்கு 413 என்பதும், சிங்கப்பூருக்கு 525 என்பதும், ஜெர்மனிக்கு 262 என்பதும் உரியன. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் சேவை நிறுவனத்தைக் குறிக்கும். எஞ்சியவை அட்டைக்குரிய தனியாளைக் குறிக்கும். ஆகவே இவ்வெண்ணைப் பார்த்த அளவில், ‘இவர் இன்ன நாட்டினர், இன்ன நிறுவனத்தின் வாடிக்கைக்காரர்’ என்பது எந்நாட்டுக் கோபுரத்திற்கும் விளங்கும்.

பிரயாணி ஒருவர் அயல்நாட்டு விமான நிலையத்தில் இறங்கிக் கைப்பேசியை இயக்குகின்றார் எனக் கொள்வோம். கைப்பேசி அருகிலுள்ள கோபுரங்களின் வானொலி அலையைத் தேடிப்பற்றித் தன்னை அறிவிக்கின்றது. அவ்விடத்து நிறுவனம், அவருடைய தாய் நிறுவனத்தை நோக்கி, ‘இவர் உம்மவர்தாமோ? இவர்க்கு இடம் அளிக்கலாமோ?’ என்று வினவுகின்றது. ஈண்டு வியக்கத்தக்க செயல் ஒன்று நிகழ்கின்றது. சிம் அட்டைக்குள் மறைவான திறவுகோல் எண் ஒன்று உண்டு. அதன் மறுபடி தாய் நிறுவனத்திடம் மாத்திரமே இருக்கும். தாய் நிறுவனம் அத்திறவுகோலை அயலார்க்கு அனுப்புவதில்லை. ஏதேனும் ஓர் எண்ணையும், அதற்குத் திறவுகோல் கொண்டு கணக்கிட்டால் வரத்தக்க விடையையும் மாத்திரமே அனுப்புகின்றது. அயல் நிறுவனம் அவ்வெண்ணை அட்டைக்குக் கொடுத்து விடை கேட்கின்றது. இரு விடைகளும் ஒத்திருப்பின், வந்தவர் உண்மையாளர் என்று துணிந்து, தன் விருந்தினர் பதிவேட்டில் அவரைச் சேர்த்துக்கொள்கின்றது. தாய் நிறுவனமும் ‘நம்மவர் இன்ன நாட்டில் இருக்கின்றார்’ என்று தன் ஏட்டிற் குறித்துக்கொள்கின்றது. மறைபொருளை அறியாமலேயே அதனை உடையவரை அறியும் இம்முறை, கணிதம் பயிலும் மாணவர் ஆராய்தற்குரியது. இவையனைத்தும் பெட்டியை எடுக்கச் செல்லுமுன் முடிந்துவிடுகின்றன. இவ்வாறு அயலார் கோபுரத்தில் விருந்தாயிருத்தலையே ரோமிங் என்கின்றனர்.

இவ்வேற்பாடு இயல்பாகத் தோன்றியதன்று. ஐரோப்பாவில் முற்காலத்திய கைப்பேசி முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்தன; ஒரு நாட்டுக் கருவி பெரும்பாலும் மறுநாட்டில் பயன்படவில்லை. இக்குறையைப் போக்க 1982-ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கோபன்ஹேகன் நகரில் பதின்மூன்று நாட்டினர் கூடிப் பொது முறை ஒன்றை மேற்கொள்வதாக ஒப்பமிட்டனர். அம்முறையே ஜி.எஸ்.எம். என வழங்குவது. 1991-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி அம்முறையில் முதல் அழைப்பைப் பேசினார். அடுத்த ஆண்டிலேயே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றும் தம்முள் முதல் ரோமிங் உடன்படிக்கை செய்துகொண்டன. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசியதே முதற் கைப்பேசி அழைப்பாகும்.

இனி, கட்டணத்தின் காரணத்தை ஆராய்வாம். மதுரையிலுள்ள தம்பி, ஜெர்மனியிலுள்ள தமையனின் இந்திய எண்ணை அழைக்கின்றான். தமையன் எங்குள்ளான் என்பது எண்ணிலிருந்து விளங்காது. ஆதலின் தம்பியிடம் உள்ளூர்க் கட்டணமே பெறப்படுகின்றது. அழைப்பு முதலில் இந்தியத் தாய் நிறுவனத்தையே அடைகின்றது. அது தன் ஏட்டைப் பார்த்து, அவ்வழைப்பைக் கடல் கடத்தி ஜெர்மனிக்கு அனுப்புகின்றது. அந்த நெடுவழியின் செலவை யார் ஏற்பது? அழைத்தவர் அறியார், எனவே பிரயாணம் செய்பவரே ஏற்க வேண்டியவராகின்றார். வரும் அழைப்பை எடுத்தாலும் அயல்நாட்டில் பணம் செல்லுவதன் காரணம் இதுவே. இந்திய எண் வைத்துள்ள நண்பர் இருவர் ஜெர்மனியில் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவரையொருவர் சாதாரண முறையில் அழைப்பாராயின், அக்குரல் இந்தியா சென்றே மீளும். அழைத்தவர் இந்தியாவிற்குப் பேசிய கட்டணத்தையும், எடுத்தவர் இந்தியாவிலிருந்து வந்த அழைப்பின் கட்டணத்தையும் கொடுப்பர். வாய்திறந்து பேசினாற் காசில்லாத தொலைவிற்கு இரட்டைக் கூலி கொடுத்தவாறாம்.

இணையப் பயன்பாடும் பெரும்பாலும் இவ்வழியே செல்வது. ரோமிங்கில் உள்ள கைப்பேசி ஒரு பக்கத்தைக் கேட்டால், அவ்வேண்டுகோள் தாய்நாடு சென்று, அங்கிருந்தே இணையத்துள் நுழைந்து, விடையுடன் திரும்புகின்றது. வேகம் சிறிது குறைதற்கு இது காரணம். குரல் அழைப்பாவது நாம் பேசும்பொழுதே செலவாகின்றது. டேட்டா எனப்படுவதோ நாம் உறங்கும்பொழுதும் செலவாகும். படங்களைச் சேமித்தல், செயலிகளைப் புதுப்பித்தல், அஞ்சலைச் சரிபார்த்தல் ஆகியவற்றைக் கருவி நம்மைக் கேளாமலே செய்துகொண்டிருக்கின்றது. பாசலில் என் பணத்தைக் கரைத்ததும் இதுவே.

கட்டணம் மிகுதியாதல் கண்டு அரசுகளும் தலையிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ஆம் ஆண்டில் ரோமிங் அழைப்புகளுக்கு உச்சவரம்பு விதித்துப் படிப்படியாகக் குறைத்து வந்து, 2017-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் முதல், ஒன்றியத்துள் எங்குச் செல்லினும் சொந்த நாட்டுக் கட்டணமே கொள்ளுதல் வேண்டும் என்று சட்டம் செய்தது. 2022-ஆம் ஆண்டில் அச்சட்டம் மேலும் பத்தாண்டுகட்கு நீட்டிக்கப்பட்டது. ஒன்றியத்தைச் சேராத நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் என்னும் நாடுகளும் இதனுட்பட்டவை. சுவிட்சர்லாந்து இதனுட்பட்டதன்று. ஒன்றியத்தை விட்டு நீங்கிய பிரிட்டனும் 2020-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின்னர் இச்சட்டத்தாற் கட்டுப்பட்டதன்று. இவ்விடங்களில் சில நிறுவனங்கள் தாமே சலுகை அளிப்பதுண்டு. அது நிறுவனத்தின் விருப்பமேயன்றிப் பிரயாணியின் உரிமையன்று. கப்பலிலும் விமானத்திலும் செயற்கைக்கோள் வாயிலாக நிறுவப்பட்ட சிறு கோபுரங்களுக்கும் இச்சட்டம் செல்லாது. அவற்றின் கட்டணம் மிகக் கடுமையானது. ‘ஐரோப்பா எங்கும்’ என்னும் சொல்லின் எல்லையை நான் கேட்டறிந்திருப்பின், அன்று ஊமையாயிருந்திரேன்.

நிலத்தின் எல்லையும் அலையின் எல்லையும் ஒன்றல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சிங்கப்பூரின் வடகரையிலுள்ள உட்லண்ட்ஸ் பகுதியில் நிற்பவரின் கைப்பேசி, நீரிணைக்கு அப்பாலுள்ள மலேசியக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளுதல் அங்குள்ளோர் அறிந்த செய்தி. இத்தகைய இடங்களில், கைப்பேசி தானே நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளுதலை நிறுத்தி, நாமே தேர்ந்தமைத்தல் நன்று.

இங்ஙனமாகப் பிரயாணிக்கு உள்ள வழிகள் மூன்று. தாய்நாட்டு அட்டையுடன் விருந்தினராய் இருத்தல் முதல் வழி. சென்ற நாட்டின் அட்டையை வாங்கி அந்நாட்டார் போல் ஆதல் இரண்டாம் வழி. மூன்றாவது, இ-சிம் எனப்படும் அட்டையில்லா அட்டை. கருவிக்குள்ளேயே பதிந்துள்ள சில்லில், இணையத்தின் வாயிலாகச் சேவையை எழுதிக்கொள்வது இது. 2016-ஆம் ஆண்டில் இதற்குப் பொது விதிகள் வகுக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய ஐபோன்களில் அட்டை இடும் துளையே இல்லை. பிரயாணிகளுக்கென விற்கப்படும் இ-சிம்களுட் பல, சென்ற நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் உரியன அல்லாமல், மூன்றாம் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரால் விருந்தாடுவன. அவற்றுட் பல டேட்டா மாத்திரமே அளிப்பன. பேசுவதற்கு எண் தருவதில்லை. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. அப்பழமொழி இங்கும் பொருந்துகின்றது. நான்கைந்து நாள் செல்வார்க்குத் தாய் நிறுவனத்தின் ரோமிங் திட்டமே எளிது. பல திங்கள் தங்கிப் பயில்வார்க்கு அந்நாட்டு அட்டையே ஏற்றது. ஐரோப்பியச் சட்டமும், நான்கு திங்கட் கணக்கைப் பார்த்து, சொந்த நாட்டிலும் அயல்நாட்டிலேயே மிகுதியாகத் தங்கிப் பயன்படுத்துவோரிடம் கூடுதற் கட்டணம் பெற நிறுவனங்களுக்கு இடம் தந்துள்ளது. விருந்தினர் குடியிருப்பவராகிவிடலாகாது என்பது அதன் கருத்து.

கருவியைப் பற்றியும் சிறிது கூறுவாம். நாடுகள் பயன்படுத்தும் அலைவரிசைகள் வேறுபடுவன. பழைய ஜி.எஸ்.எம். முறையில் ஐரோப்பாவும் இந்தியாவும் 900, 1800 என்னும் அலைவரிசைகளையும், அமெரிக்கா 850, 1900 என்பவற்றையும் கொண்டன. இக்காலத்துக் கருவிகள் பல அலைவரிசைகளையும் ஏற்பன. எனினும் வேறொரு தடை தோன்றியுள்ளது. சிங்கப்பூர் 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் தலைமுறைச் சேவையை நிறுத்திற்று. அமெரிக்காவின் பெருநிறுவனங்கள் 2022-ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலிய நிறுவனங்கள் 2024-ஆம் ஆண்டிலும் மூன்றாம் தலைமுறைச் சேவையையும் மூடின. ஆகவே பெற்றோர் கையிலுள்ள பழைய பொத்தான் கைப்பேசி, ஊரில் நன்றாய்ப் பேசினும், அந்நாடுகளிற் பேசாது போகலாம். நான்காம் தலைமுறை வழியே குரல் செல்லும் வோல்ட்டி வசதி கருவியில் இருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தோடு பூட்டி விற்கப்பட்ட கருவியாயின், பூட்டை நீக்கிய பின்னரே வேற்று அட்டையை ஏற்கும். துருக்கி போன்ற நாடுகளில், அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த கருவியைப் பதிவு செய்யாமல் அந்நாட்டு அட்டையுடன் 120 நாளுக்குமேற் பயன்படுத்துதல் இயலாது.

இனி, புறப்படுமுன் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, தாய்நாட்டு எண்ணை உயிருடன் வைத்தல். ரோமிங் வசதியை ஊரிலிருக்கும்பொழுதே இயக்கி, திரும்பும் நாள் வரை காலம் செல்லுமாறு ரீசார்ஜ் செய்துகொள்க. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அவ்வெண்ணிற்கே வரும், வருகின்ற குறுஞ்செய்திக்குப் பெரும்பாலான திட்டங்களிற் கட்டணம் இல்லை. இரண்டு அட்டை ஏற்கும் கருவியாயின், ஒன்றில் தாய்நாட்டு எண்ணையும் மற்றொன்றில் அயல்நாட்டு எண்ணையும் வைத்து, தாய்நாட்டு எண்ணின் டேட்டா ரோமிங்கை மாத்திரம் நிறுத்துக. உறையிலிட்டு மேசைக்குள் வைத்தல் ஆகாது.

இரண்டாவது, எண்களை எல்லாம் கூட்டற் குறியும் 91-உம் முன்னிட்டுச் சேமித்தல். கூட்டற் குறி இட்ட எண் எந்நாட்டிலிருந்தும் செல்லும். சுழியம் முன்னிட்ட எண் செல்லாது.

மூன்றாவது, எடுக்காத அழைப்புகளைக் குரற்பதிவிற்கு மாற்றிவிடும் வசதியை நிறுத்துதல். அயல்நாடு வரை வந்த அழைப்பு மீண்டும் தாய்நாட்டுக்குத் திரும்புமாதலின், பேசாத பேச்சிற்கு இருமுறை கட்டணம் நேரலாம்.

நான்காவது, வைஃபையையே முற்றும் நம்பியிராமை. வாட்ஸ்அப் அழைப்பு செலவின்றிக் குடும்பத்தாருடன் பேசத் துணைசெய்வது உண்மையே. ஆயினும் வைஃபை நம்முடன் தெருவில் நடந்து வருவதில்லை. மேலும், ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற சில செயலிகள் தவிர ஏனையவற்றின் குரல் அழைப்புகள் நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு வந்துள்ளன.

ஐந்தாவது, ஆபத்துக்கால எண்ணை அறிதல். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் 112, அமெரிக்காவில் 911. ஜி.எஸ்.எம். முறையில் 112 என்பது பொது எண்ணாகவே வகுக்கப்பட்டது. தாய் நிறுவனத்தோடு உடன்படிக்கை இல்லாத கோபுரமும் இவ்வழைப்பை ஏற்றல் வழக்கம். ஏனையோர்க்கு உண்டியல் கேட்கும் கடை, உயிர்க்கு இடர் வந்தவர்க்கு அதனைக் கேளாது கதவு திறக்கின்றது.

ஆறாவது, வேண்டிய நான்கு எண்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுதல். கருவி கெடினும் களவுபோயினும் இரவல் தொலைபேசியில் அழைத்தற்கு அத்தாள் உதவும். ஊரிலுள்ளோர்க்கும், நாம் தங்குமிடத்தின் தொலைபேசி எண்ணையும், உடனிருக்கும் ஒருவரின் எண்ணையும் கொடுத்துச் செல்லுதல் கடமையாகும். அன்று என் தம்பியிடம் விடுதிக்காரரின் எண் ஒன்று இருந்திருப்பினும் போதும்.

மாணவ அன்பர்காள்! நம் முன்னோர் அண்மையைக் கூப்பிடு தூரம் என்னும் சொல்லால் அளந்தனர். ஒருவர் கூப்பிட மற்றொருவர் செவிக்கு எட்டும் தொலைவு அது. அச்சிறு தொலைவைக் கண்டங்கள் வரை நீட்டியது அறிவியலின் அரும்பணி. இரு நாட்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பிச் செய்துகொண்ட உடன்படிக்கை அதனைத் தாங்கி நிற்கின்றது. நம் கவனக்குறைவு ஒன்றே அதனை மீண்டும் கடலளவு ஆக்கிவிடும். சிக்கனம் நன்றே, கட்டணத்தைக் குறைக்கும் வழிகளை மேலே கூறியதும் அதன் பொருட்டே. ஆயினும் அட்டைகளையும் திட்டங்களையும் ஒப்புநோக்கும்பொழுது, ‘எது மலிவு?’ என்று கேட்குமுன், ‘நள்ளிரவில் வீட்டார் அழைத்தால் எந்த எண் ஒலிக்கும்?’ என்று கேட்டு, அவ்வெண்ணை அவர்க்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவீராக.